பத்திரத்தில் நம்ம ஊர்ப் பெயர் எங்கே?



உமா ஓயா பற்றி நான் எழுதினால் உடனே மூன்று பதில் வரும். "அது முடிஞ்ச கதை சேர், இப்ப கரண்ட் வருதுதானே" என்பது ஒன்று. "அது பண்டாரவளைப் பிரச்சினை, பெரகலைக்கு என்ன?" என்பது இரண்டாவது. மூன்றாவது நம்ம ஆட்களிடமிருந்து, பெரும்பாலும் இன்பொக்ஸில் வரும்: "ஈரான் ஒரு முஸ்லிம் நாடு, அவங்க கட்டித் தந்ததைப் போய்க் குறை சொல்லலாமா?"

மூன்றுக்கும் சேர்த்தே இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இரவில் வாசியுங்கள்.

கதை தெரியாத பிள்ளைகளுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 ஏப்ரலில் அப்போதைய ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இங்கே வந்து அடிக்கல் நட்டார். ஈரானின் பராப் கம்பனியோடு ஒப்பந்தம். செலவு ஐம்பது கோடி டொலருக்கு மேல். புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, நம்ம பக்கத்துத் தண்ணீரை மலைக்குள்ளே 15 கிலோமீற்றருக்கும் அதிகமான சுரங்கத்தில் கொண்டுபோய், வெல்லவாயப் பக்கம் ரந்தெனியவில் நிலத்துக்கு அடியில் இருக்கிற மின் நிலையத்தில் விட்டு, 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது. பிறகு அந்தத் தண்ணீர் மொனராகலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் போகும். ஒப்பந்தமும் அடிக்கல்லும் முதலில் வந்தன. சுற்றாடல் மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் வந்தது அதற்குப் பிறகு. கலியாணம் முடித்துவிட்டு மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்த மாதிரி.

ஈரான் மீது பொருளாதாரத் தடை வந்ததும் அங்கிருந்து வந்த கடன் நின்றது. மீதிச் செலவு இலங்கை அரசின் தலையில், அதாவது நம்ம தலையில் விழுந்தது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. 2017 ஏப்ரலில் அதைவிட மோசமாகப் பாய்ந்தது. மலைக்குள்ளே நூறு வருடமாக ஊறி நின்ற தண்ணீர் வழி கிடைத்ததும் இறங்கி ஓடிவிட்டது. மேலே பண்டாரவளை, ஹீல் ஓயா, எல்லப் பக்கங்களில் கிணறு வற்றியது, ஊற்று வற்றியது, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. 2017 ஜூன் 28 அன்று பண்டாரவளை டவுன் முழுக்க மக்கள் இறங்கினார்கள். கமிட்டி போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தபிறகு நிறுத்த முடியாது என்ற முடிவுக்கே எல்லாரும் வந்தார்கள். 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார். அடுத்த மாதமே அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானார்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2008 இல் கையெழுத்தான பத்திரத்தில் அரசு இருந்தது, கம்பனி இருந்தது, கடனும் வட்டியும் மெகாவாட்டும் இருந்தன. பண்டாரவளை நகரம் ஒரு தரப்பாக அதில் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு பிரதேச சபையும் வைக்கவில்லை. கிணறு வற்றினால் யார், எத்தனை நாளைக்குள், எத்தனை லீற்றர் தரவேண்டும் என்று ஊரோடு எழுதிய ஒரு வரி கிடையாது. அதனால்தான் பவுசர் வந்த நாள் வந்தது, வராத நாள் வரவில்லை. கேட்கப் போனால் அமைச்சைக் காட்டினார்கள். அமைச்சு கம்பனியைக் காட்டியது. பந்து விளையாட்டில் நம்ம பிள்ளைகள்கூட இவ்வளவு அழகாகப் பாஸ் பண்ணமாட்டார்கள்.

"நாட்டுக்குக் கரண்ட் வேணும்தானே" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2022 இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாம். ஓஎல் பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்ததை யாரும் மறக்கவில்லை. நீர்மின்சாரம் மலிவு, டீசலைவிட ஆயிரம் மடங்கு நல்லது என்று வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். என் கேள்வி வேறு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், பெரகலையிலும் விளக்கு அணைந்தது. இருட்டு வந்தால் நாடு முழுக்கப் பங்கு போடுகிறார்கள். தண்ணீர் போனால் மட்டும் அது பண்டாரவளைக்காரன் தலையெழுத்தா?

இப்போது இரண்டாவது பதிலுக்கு வருகிறேன், "பெரகலைக்கு என்ன?" என்பது.

பெரகலைச் சந்தியில் நின்று பாருங்கள். ஒரு ரோட்டு அப்புத்தளை, பண்டாரவளைக்கு ஏறுகிறது. ஒன்று கொஸ்லந்தை, வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மற்றது அல்துமுல்லை வழியாக பலாங்கொடைக்குப் போகிறது. மூன்று ரோட்டிலும் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது.

மேலே போனால் உமா ஓயா. அதைச் சொல்லிவிட்டேன்.

பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் சமனலவெவ. அதுவும் 120 மெகாவாட்தான், ஜப்பான், பிரித்தானியக் கடனில் கட்டியது. 1992 இல் தண்ணீர் நிரப்பியபோதே வலது கரை மலையால் கசியத் தொடங்கியது. களிமண் கொட்டிப் பார்த்தார்கள், சிமெந்து ஏற்றிப் பார்த்தார்கள், இன்றைக்கும் கசிகிறது. டர்பைனுக்குப் போகாமல் வெளியேறும் அந்தத் தண்ணீர்தான் கீழே கல்தோட்டை வயல்களுக்கு உதவுகிறது, அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல்லலாம். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகக் கசிகிற ஒரு அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல்லும் வெடிப்பும் நிறைந்த இந்த மலைகள் எப்படிப்பட்டவை என்று தெரியாது என 2014 இல் யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். பாடப் புத்தகம் திறந்துதான் இருந்தது, பார்த்து எழுதக்கூட ஆளில்லை.

கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் மீரியபெத்தை.  அதற்கும் உமா ஓயாவுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை, அது வேறு மலை, வேறு காரணம். ஆனால் அந்த இடம் சரியக்கூடியது, லயத்து மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடத்துக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. அதைச் செய்யவேண்டியது தோட்டக் கம்பனியா, பிரதேச செயலகமா, அமைச்சா என்ற கடமை யாருடைய தலையிலும் ஏற்றப்படவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எத்தனையோ பேரின் உடல்கூட எடுக்கப்படவில்லை. யார் பொறுப்பு என்று எழுதிவைக்காத எச்சரிக்கைக்கு என்ன பெறுமதி என்று அங்கே போய்க் கேளுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இது பண்டாரவளைப் பிரச்சினை மட்டும் அல்ல.

மூன்றாவது பதில், நம்ம ஆட்களுடையது. ஈரான் மக்கள் மீது எனக்கும் அன்பு உண்டு, பலஸ்தீனத்துக்காக அவர்கள் பேசும்போது கைதட்டுகிறவன்தான். ஆனால் கொடுக்கல் வாங்கலில் சகோதரத்துவம் வேறு, கணக்கு வேறு என்று நமக்குச் சொல்லித்தந்தது யார்? குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளையைக் கேளுங்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது தொழுகை பற்றியது அல்ல, நோன்பு பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. தவணை குறித்து, நீதியாக எழுதுகிறவரைக் கொண்டு, சாட்சி வைத்து எழுதச் சொல்கிறது. தொகை சிறிதாக இருந்தாலும் சோம்பல்படாதீர்கள் என்கிறது. நூறு ரூபாய்க் கடனுக்கே அப்படியென்றால், ஒரு நகரத்தின் நிலத்தடி நீருக்கு? ஈரான் கம்பனியோ, சீனக் கம்பனியோ, நம்ம மின்சார சபையோ, யாரானாலும் எழுத்து எழுத்துத்தான். இதைக் கேட்பது குறை சொல்வது அல்ல, அமானிதத்தைக் கேட்பது.

"சேர், இதெல்லாம் இங்க நடக்காது, ஊரோட யார் ஒப்பந்தம் போடுவான்?" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். நடந்த இடங்களைச் சொல்கிறேன்.

தூரத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கால்ஸ்பாட் என்று ஒரு கடற்கரை நகரம். அங்கே 1954 இல் தொடங்கிய என்சினா என்ற பழைய மின் நிலையம், 400 அடி உயரப் புகைக்கூண்டோடு கடற்கரையிலேயே நின்றது. அதற்குப் பதிலாகப் புதியது கட்டக் கம்பனி வந்தபோது நகர சபை பல வருடம் எதிர்த்தது. 2013 இல் பக்கத்திலிருந்த அணுமின் நிலையம் ஒன்று நிரந்தரமாக மூடப்பட்டதும் மின்சாரம் போதாமல் போனது, சபை மேசைக்கு வந்தது. 2014 ஜனவரியில் நகரமும், நிலையத்தை வைத்திருந்த கம்பனியும், மின் விநியோகம் செய்யும் கம்பனியும் மூன்றுபேரும் கையெழுத்து வைத்தார்கள். புதியது கட்டலாம், ஆனால் உயரம் குறைவாக, தேவையான நேரத்துக்கு மட்டும் ஓடுகிற மாதிரி. பழையதை மூடினால் மட்டும் போதாது, இடித்து அகற்ற வேண்டும், அந்தச் செலவு நகரத்துடையது அல்ல, கம்பனியுடையது. 2018 முடிவில் பழையது நின்றது, பிறகு புகைக்கூண்டும் இறங்கியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஊருக்குள்ளேயே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சண்டை பிடிக்கவும் கையில் ஒரு பத்திரம் இருந்தது பாருங்கள்.

பணக்கார அமெரிக்க ஊரோடு நம்மை ஒப்பிடாதே என்கிறீர்களா? சரி, பக்கத்து நாட்டுக்கு வாருங்கள். இந்தியாவின் நீர்மின் கொள்கை 2008 இல் வந்தது. உமா ஓயா ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடம். அதில் அணை இருக்கிற மாநிலத்துக்கு 12 வீதம் மின்சாரம் இலவசம். அதற்கு மேல் இன்னும் 1 வீதம், அந்தப் பகுதி மக்களின் அபிவிருத்திக்கென்றே ஒரு நிதிக்கு. திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 100 யூனிட், பத்து வருடத்துக்கு. ஹிமாச்சல் மலையில் இதெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது அங்கத்தைய மக்கள் சண்டை பிடிக்கிற விஷயம். ஆனாலும் அவர்கள் கேட்பதற்கு ஒரு எழுத்து இருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், வாத்தியார் புத்தி போகாது. உமா ஓயாவில் வருடத்துக்கு 29 கோடி யூனிட் எதிர்பார்க்கிறார்கள். யூனிட் ஒன்றுக்குப் பத்தே சதம், பத்து ரூபாய் அல்ல, பத்துச் சதம் ஊருக்கென்று ஒதுக்கினால் வருடம் 2 கோடியே 90 இலட்சம் ரூபாய். மழை குறைந்த வருடத்தில் பாதி வந்தாலும் ஒன்றரைக் கோடிக்குக் கிட்ட. இந்தக் காசில் எத்தனை தோட்டத்துக்குக் குழாய் போடலாம், எத்தனை தண்ணீர்த் தாங்கி கட்டலாம்? கரண்ட் பில்லில் பத்துச் சதம் யாருக்கும் தெரியவும் தெரியாது. 2025 ஜூனில் 15 வீதம் கூட்டினார்களே, அதைத் தாங்கிக்கொண்ட நாடு இதைத் தாங்காதா?

இந்தியாவும் வேண்டாம், நம்ம மலையகத்துக்கே வாருங்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவாட், 2012 இல் திறந்தது. எத்தனை வருடம் சண்டை நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சண்டையால் இரண்டு விஷயம் கிடைத்தது. நீர்வீழ்ச்சிகள் செத்துப்போகும் என்று கத்தியதால், சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் தண்ணீர் விடவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. குறைத்து விடுகிறார்கள் என்று அங்கத்தையவர்கள் குறைப்படுவார்கள், ஆனால் கேட்க ஒரு வரி இருக்கிறது. அடுத்தது, இடம்பெயர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் புதிய வீடு. நீர்வீழ்ச்சிக்கே தினம் இத்தனை மணித்தியாலம் என்று எழுதிய நாட்டில், ஹீல் ஓயாவில் ஒரு ஆச்சியின் கிணற்றுக்கு இத்தனை லீற்றர் என்று எழுத முடியாதா?

சரி, உமா ஓயா கட்டி முடிந்துவிட்டது. இப்போது ஏன் இந்தக் கூச்சல்?

ஏனென்றால் இப்போதுதான் பத்திரங்கள் எல்லாம் திரும்ப எழுதப்படுகிற நேரம். இதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

1969 இல் தொடங்கிய மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க 2024 இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. உற்பத்திக்கு வேறு, விநியோகத்துக்கு வேறு என்று கம்பனிகள் அமைப்பதுதான் அதன் ஏற்பாடு. அரசுடைமையாகவே இருக்கும் என்கிறார்கள், நல்லது. ஆனால் ஒரு கடையை நாலு அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும்போது பழைய கடன் கொப்பி யார் கையில் என்று முதலில் கேட்கவேண்டும். சொத்தை வாங்கிக்கொள்கிற கம்பனி, பண்டாரவளைக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்து வாங்குகிறதா? நாளைக்கு இன்னொரு சுவர் வெடித்தால், "அது பழைய சபை காலத்துக் கதை, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் சபை ஊழியர்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கினார்கள். தங்கள் சம்பளமும் சேமலாபமும் என்னவாகும் என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. தண்ணீர் இழந்தவனுக்கு என்ன சங்கம் இருக்கிறது?

அது மட்டும் அல்ல. மலை முழுக்க ஓடைகளை மறித்துக் கட்டிய மினி ஹைட்ரோக்கள் இருக்கின்றன. 10 மெகாவாட்டுக்குக் குறைந்த இந்தத் தனியார் நிலையங்களுக்கும் சபைக்கும் இடையில் ஒப்பந்தம், முதலில் வந்தவற்றுக்கு 15 வருடம், பிறகு வந்தவற்றுக்கு 20 வருடம். தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் கட்டியவற்றின் காலம் முடிந்துவிட்டது, மற்றவற்றுக்கு முடிந்துகொண்டு வருகிறது. மெஷின் பழசு, குழாய் பழசு, மாற்றித் திரும்ப ஓட்ட வேண்டும், புதிய விலை வேண்டும் என்று கம்பனிக்காரர்கள் வருகிறார்கள். அந்த மேசையில் இரண்டு கதிரை போட்டிருக்கிறது. மூன்றாவது கதிரை போடச் சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் எப்போது? ஓடைக்குக் கீழே இருக்கிற ஊருக்கு வரட்சிக் காலத்தில் எவ்வளவு தண்ணீர் விடவேண்டும், விடாவிட்டால் என்ன தண்டம் என்று புதுப்பிக்கும்போது எழுதாவிட்டால், அடுத்த சமயம் என் மாணவர்களின் பிள்ளைகள் காலத்தில்தான் வரும்.

லயத்து மக்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நட்டஈடு என்று வரும்போது அதிகாரி முதலில் கேட்பது உறுதி. வீட்டு உறுதி. நாட்டுப்புறத்தில் ஒருவருக்கு வீட்டுச் சுவர் வெடித்தால் உறுதியைக் காட்டுவார், மதிப்பீடு செய்வார்கள், குறைவோ கூடவோ ஏதோ கிடைக்கும். லயத்துச் சுவர் வெடித்தால்? சுவர் கம்பனியுடையது, காணி அரசாங்கத்துடையது, வெடிப்புக்குள்ளே படுத்துத் தூங்குவது மட்டும்தான் அந்தக் குடும்பத்துடையது. மூன்று தலைமுறை அந்த அறையில் பிறந்தும் கரண்ட் இணைப்புக்கே தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டியிருக்கிறது. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குப் பீலித் தண்ணீர் நின்றால், அந்த நாளே போய்விடுகிறது. பீலிக்கு உறுதி இல்லை, அதனால் பீலி வற்றியதற்கு நட்டஈடும் இல்லை. எந்த ஒப்பந்தம் எழுதினாலும் "உறுதி உள்ளவர்" என்று எழுதாமல் "குடியிருப்பவர்" என்று எழுத வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாம் சண்டை பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாவது.

இன்னும் ஒன்று. நம்ம கடைக்கார நானாமார் சிலர், "இது தோட்டத்து ஆட்கள் பிரச்சினை" என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். 2017 இல் பண்டாரவளையில் கடைகள் மூடியபோது எல்லாக் கடையும் மூடியது. நிலத்துக்கடியில் ஓடுகிற தண்ணீருக்குப் பள்ளிவாசல் ஹவுள் எது, கோயில் கிணறு எது, பன்சலைக் குழாய் எது என்று தெரியாது. வுழுச் செய்யவும் தண்ணீர் வேண்டும்.

நம்ம சபைகளுக்கு இதற்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். கால்ஸ்பாட் சபைக்கு இருந்த மாதிரி ஒரு மின் நிலையத்தைப் பல வருடம் இழுத்துப்பிடிக்கிற பலம் அல்துமுல்லைப் பிரதேச சபைக்கோ பண்டாரவளை மாநகர சபைக்கோ கிடையாது. ஆனால் தீர்மானம் நிறைவேற்ற அதிகாரம் இருக்கிறது. 2025 மே 6 தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தார்களே, அந்த உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். அல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, நாலு சபையும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் போட்டால் அதைக் கொழும்பில் தூக்கிக் குப்பையில் போடுவது லேசு இல்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மக்கள் கருத்துக் கேட்கிறது, மாகாணங்களுக்கும் வருகிறது. அங்கே போய் "பில் கூட" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம். மின் உற்பத்திக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் அதே ஆணைக்குழுதான். "உற்பத்திக் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தில் ஊர் ஒப்பந்தம் ஒரு நிபந்தனையாக வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. 2008 ஒப்பந்தத்தையும் அதன் இணைப்புகளையும் நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? பார்க்காத பத்திரத்தைப் பற்றி எவ்வளவு நாள் பேசுவது? 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் எதிர்பார்க்கலாம்.

கேட்க வேண்டியவை நாலு. ஒன்று, ஒப்பந்தப் பிரதி. இரண்டு, சுரங்கப் பாதைக்கு மேலே இப்போது நிலத்தடி நீர்மட்டம் அளக்கிறார்களா, எந்தெந்த இடத்தில், கடைசியாக அளந்த திகதி என்ன. மூன்று, நட்டஈடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர், அதில் தோட்டக் குடியிருப்பாளர்கள் எத்தனை பேர். நாலு, மின்சார சபை பிரிந்தபிறகு இந்தப் பொறுப்பு எந்தக் கம்பனியுடையது.

கடிதத்தின் மாதிரியை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன், தமிழும் சிங்களமும். சிங்களத்தில் எழுத்துப் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆளுக்கொன்றாக அனுப்பலாம், ஒன்றில் எல்லாரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் துண்டைப் பத்திரமாக வையுங்கள். 14 வேலை நாட்களை விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.